மளிகை வாங்கும்போது மிச்சம் பிடித்தது, நாலு காசு பார்த்தது: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

தேனிக்காரி:
போன மாதம் நடந்தது, இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை. ஊரில் புதிதாகத் திறந்திருக்கிற பெரிய கடை. ஷாம்பு அடுக்கின் முன்னால் நின்று 340 மில்லி பாட்டிலை எடுத்தேன், விலை 250 ரூபாய். பக்கத்தில் ஒரு பாட்டி, எழுபது வயது இருக்கும், களையெடுத்துக் காய்ப்பேறிய கை. "என்ன தாயி வெல?" என்றார். சொன்னேன். தூணில் தொங்கிய இரண்டு ரூபாய் பாக்கெட் சரத்தை இழுத்து என்னிடம் நீட்டினார். "இதுல எம்புட்டு இருக்குன்னு படிச்சுச் சொல்லு, எனக்குக் கண்ணு தெரியல."

6 மில்லி என்றேன்.

"அப்ப அம்பது பாக்கெட்டு நூறு ரூவா. முந்நூறு மில்லி ஆச்சு. ஒன் பாட்டில்ல நாப்பதுதான கூட இருக்கு? அந்த நாப்பதுக்கு நூத்தம்பது ரூவாயா?"

நான் போனில் கணக்குப் போட எடுப்பதற்குள் சொல்லி முடித்துவிட்டார். இப்போது பாக்கெட் சாமான்களில் எம்.ஆர்.பி. பக்கத்திலேயே ஒரு கிராம் இவ்வளவு, ஒரு மில்லி இவ்வளவு என்று அச்சடிக்கிறார்கள். ஆனால் 10 மில்லிக்கு உட்பட்ட குட்டிப் பாக்கெட்டுகளுக்கு அந்த விதி இல்லை, நாமே போட்டுப் பார்த்தால்தான் தெரியும். எண்ணெய், பருப்பு, சோப்புத்தூள் எல்லாம் பெரிய பாக்கெட் மலிவாக வரும். ஷாம்பு பெரும்பாலும் தலைகீழ்.

எனக்கு உறுத்துவது இதுதான். ஐம்பது பாக்கெட் கணக்குச் சொன்ன பாட்டி, சரத்திலிருந்து இரண்டே இரண்டைக் கிழித்து எடுத்துக்கொண்டு, நான்கு ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார்.

கெடிலக்கரை:
பாக்கெட் ஷாம்பு எங்கள் கடலூர்ச் சரக்கு. அதைப் பாக்கெட்டில் போட்டு விற்பதில் முன்னோடியான சின்னி கிருஷ்ணன் இந்த ஊர்க்காரர். அவர் மகன் ரங்கநாதன் 1983இல் தனியாகத் தொடங்கியதுதான் சிக். ஐந்து காலிப் பாக்கெட் கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று ஒரு திட்டம் வந்தது, என் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். முதலில் எந்தக் கம்பெனி பாக்கெட்டானாலும் எடுத்துக்கொண்டார்கள்.

எனக்கும் என் கூட்டாளிக்கும் பள்ளிக்கூட வயது. ஆற்றில் குளித்துவிட்டுப் போகிறவர்கள் படித்துறையில் போட்டுவிட்டுப் போவதைப் பொறுக்குவோம். அலசி, வேலியில் காயப்போட்டு, ஐந்து ஐந்தாக நூலில் கட்டிக் கடையில் கொடுத்தால் புதுப் பாக்கெட். அதைக் கடை விலையைவிடப் பத்துப் பைசா குறைத்துத் தெருவில் அத்தைமார்களுக்கு விற்போம். நான் முதன்முதலில் சம்பாதித்த காசு அது.

ஒருநாள் கடைக்காரர் எங்கள் பையை மேசையில் கவிழ்த்தார். சிக் பாக்கெட்டை ஒரு பக்கம் தள்ளினார், மற்றதை எல்லாம் கையால் வழித்துக் கீழே விட்டார். "இனிமே சிக்கு மட்டுந்தான்டா." கம்பெனி விதியை மாற்றியிருக்கிறது, அவர் என்ன செய்வார். என் கூட்டாளி அந்த வாரம் முழுக்கச் சேர்த்தது எல்லாமே வேற்றுக் கம்பெனி. அவன் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் திரும்பப் போட்டான். எதற்கு எடுத்தான் என்று நான் கேட்கவில்லை. இப்போது அவன் இல்லை.

கூடலூர்ப் பக்கம்:
காலிப் பாக்கெட் பற்றிப் படித்ததும் காலி பாட்டில் ஞாபகம் வந்தது. நீலகிரியில் 2022 மே மாதத்திலிருந்து டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். காட்டில் உடைந்து கிடக்கும் கண்ணாடி யானைக் காலில் ஏறுகிறது என்று உயர் நீதிமன்றம் வரை போய் வந்த ஏற்பாடு. வாங்கினவர் எல்லாரும் திருப்பிக் கொடுப்பதில்லை. சுற்றுலா வந்தவர்கள் சாலையோரம் வீசிவிட்டுப் போவார்கள்.

எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் ஒரு அக்கா, வாரம் முழுக்கக் கொழுந்து பறிப்பார், ஞாயிறு காலையில் அந்தப் பாட்டில்களைப் பொறுக்கச் சாக்கோடு கிளம்புவார். ஒரு ஞாயிறு எனக்கும் டவுனில் வேலை இருந்ததால் கூடவே போனேன். பாட்டிலைப் போட்டுவிட்டுக் காசு வாங்கினார், பாதிக்குமேல் பத்து ரூபாய் நாணயம். நேராக மளிகைக் கடை. அரிசி, கடலைப் பருப்பு, மகனுக்கு ஒரு நோட்டு. நாணயத்தைப் பலகையில் அடுக்கினார். கடைக்காரர் ஒரே விரலால் அதை இவர் பக்கம் தள்ளினார். "இது போகாதும்மா. நோட்டு குடு."

எல்லா வடிவப் பத்து ரூபாய் நாணயமும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, நாணயங்களை முந்தானையில் முடிந்தார். சண்டை போட்டால் அடுத்த வாரமும் அதே கடைக்குத்தானே வரவேண்டும். நான் நோட்டைக் கொடுத்து நாணயத்தை வாங்கிக்கொண்டேன், திரும்பி வரும்போது பேருந்தில் நடத்துநர் மறுபேச்சில்லாமல் வாங்கிப் பையில் போட்டார். காட்டைப் பெருக்கிச் சம்பாதித்த காசு. அதைப் போகாது என்று சொன்ன அந்த விரலை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

நடுத்தெரு:
சாராயப் பாட்டிலை மளிகைக் கணக்கில் கொண்டுவந்து சேர்க்காதீர்கள். குடிக்கிறவன் வீட்டில் அரிசிக்கே காசு இருக்காது, இதில் பத்து ரூபாய் திரும்பி வந்து என்ன ஆகப்போகிறது?

முதலில் எழுதியவருக்கும் ஒரு வார்த்தை. ஐம்பது பாக்கெட் மலிவுதான், அந்த ஐம்பதும் எங்கே போகும்? எங்கள் தெருச் சாக்கடை அடைத்து வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது தூர் வாரியவர் கையாலேயே அள்ளிப் போட்டார். ஷாம்பு பாக்கெட், பாக்குப் பாக்கெட், மறுபடி ஷாம்பு பாக்கெட். பாட்டிலைப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போடலாம். பாக்கெட்டை எவரும் எடுப்பதில்லை. 150 ரூபாய் மிச்சம் என்கிறீர்கள், என் வீட்டு மெத்தையும் பிள்ளைகளின் புத்தகமும் போனதே, அது எந்தக் கணக்கில் வரும்?

கூடலூர்ப் பக்கம்:
அந்த அக்கா குடித்த பாட்டில் இல்லை, அவர் வீட்டில் குடிக்கிற ஆளும் இல்லை. எழுதியதைப் படித்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

முத்திரைத்தராசு:
என் கதை சின்னது. தீபாவளிக்கு ஒரு இனிப்புக் கடையில் அட்டைப் பெட்டியோடு சேர்த்து எடை போட்டார்கள். பெட்டியைத் தனியாக வை தம்பி என்றேன், 80 கிராம் காட்டியது. கிலோ 600 ரூபாய் இனிப்பு, அப்படியென்றால் அட்டைக்கு 48 ரூபாய். பையன் முகம் சுண்டிவிட்டது. முதலாளி எழுந்து வந்து, ஒன்றும் பேசாமல் மேலே மூன்று துண்டு வைத்தார்.

இங்கே யாரும் கேட்கவில்லை என்றாலும் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். பெட்டியின் எடையைச் சரக்கோடு சேர்க்கக்கூடாது என்பது சட்டம். எலெக்ட்ரானிக் தராசுக்கு வருடம் ஒருமுறை முத்திரை போட வேண்டும், நம் மாநிலத்தில் தொழிலாளர் துறைதான் அதைப் பார்க்கிறது. காய்கறிக் கடையில் தட்டை வைத்தபின் எண் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுக் காய் போடச் சொல்லுங்கள். எம்.ஆர்.பி.க்கு மேல் "கூலிங் சார்ஜ்" கேட்டால் தர வேண்டியதில்லை. பில்லை வைத்துக்கொண்டு 1915க்குப் போன் செய்யலாம், அது மத்திய அரசின் நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம்.

அப்புறம், 2025 செப்டம்பர் 22 முதல் ஷாம்பு, பற்பசை, தலைக்கு எண்ணெய், குளியல் சோப்பு எல்லாவற்றுக்கும் ஜி.எஸ்.டி. 18இலிருந்து 5 சதவீதம் ஆகிவிட்டது, நெய், வெண்ணெய் 12இலிருந்து 5. பழைய சரக்கைப் பழைய விலைக்கே தள்ளுகிறார்களா என்று பாக்கெட் தேதியைப் பாருங்கள். பால் மாதம் முழுக்க ஆவின்தான் என்றால் அட்டை போட்டுக்கொள்ளுங்கள், கடை விலையைவிட அட்டை விலை குறைவு. ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். "அந்தப் பருப்பு வேகாது" என்று விட்டுவிடுகிறவர்கள் இரவே ஊறவைத்துப் பார்க்க வேண்டும். போனில் பணம் அனுப்பும் செயலியில் கீறினால் பரிசு என்று வருவதில் பாதி, வேறு ஏதோ வாங்கினால்தான் தள்ளுபடி. அதற்காக வேண்டாததை வாங்காதீர்கள்.

கடைசியாக ஒன்று, தீபாவளிச் சீட்டு. 1982 சட்டப்படி பதிவு பெற்ற சீட்டு வேறு, தெருவில் நோட்டுப் போட்டு நடத்தும் பலகாரச் சீட்டு வேறு. பின்னதில் ரசீது கிடையாது, ஓடிப்போனால் பிடிப்பது கஷ்டம். மாதா மாதம் அந்தத் தொகையை அஞ்சலகத்தில் ஆர்.டி.யில் போட்டால் வட்டியாவது வரும். சேராதீர்கள்.

வடக்குத்தெருப் பொண்ணு:
அண்ணா, மற்றதெல்லாம் சரி. சீட்டு பற்றி மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எங்கள் தெருவில் ஒரு அத்தை பல வருடமாக நடத்தினார். மாதம் 300 ரூபாய், தீபாவளிக்கு எண்ணெய், நெய், சர்க்கரை, மைதா, ரவை, உளுந்து, பட்டாசுப் பெட்டி, ஒரு எவர்சில்வர் பாத்திரம். மொத்தக் கடையில் மூட்டைக் கணக்கில் எடுப்பார், நாங்கள் தனித்தனியாகப் போனால் அந்த விலை எங்களுக்குக் கிடைக்காது. மொத்த விலைக்கும் சீட்டு விலைக்கும் நடுவில் அவருக்கு ஏதோ நிற்கும், கூடவே ஒரு செட் இலவசம். அவர் மகளின் கல்லூரிக் கட்டணம் அதில்தான் போனது. ஆர்.டி. போடு என்கிறீர்கள். வீட்டில் ஆம்பிளை கேட்டால் எடுத்துக் கொடுத்துவிட வேண்டிய பணம் அது. சீட்டில் போட்டதை எவரும் கேட்க முடியாது. அதுதான் எங்கள் தெருப் பெண்களுக்கு வசதி.

ஒரு வருடம் தீபாவளிக்கு முந்தைய வாரம் அத்தையின் கணவர் இறந்துவிட்டார். கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை, இந்த வருடம் இல்லை என்றே வைத்துக்கொண்டோம். காரியம் முடிந்த மறுநாள் வாசலில் குட்டியானை வண்டி வந்து நின்றது. அத்தை திண்ணையில் உட்கார்ந்தபடியே நோட்டைப் பார்த்துப் பெயர் பெயராகக் கூப்பிட்டார். என் முறை வந்தபோது "நெய் பாட்டில் ஒன்னு கொறையுதுடி, நாளைக்கு வரும், கையெழுத்துப் போடாத" என்றார். நான் அழுதுவிட்டேன். அவர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

ஓடிப்போன ஆட்கள் இருக்கிறார்கள், நானும் கேள்விப்படுகிறேன். எல்லாரையும் ஒரே நோட்டில் எழுதாதீர்கள்.

முத்திரைத்தராசு:
சரிம்மா. அந்த மாதிரி ஆள் நடத்தினால் நானே சேருவேன். ஆனாலும் கட்டும்போது நோட்டில் உங்கள் பக்கத்தை மாதாமாதம் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் மாடி:
கேஸ் சிலிண்டர் பற்றி யாரும் எழுதவில்லை. உள்ளே 14.2 கிலோ இருக்க வேண்டும், காலி எடை சிலிண்டரின் மேல்பக்கம் கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டையில் எழுதியிருக்கும். கொண்டுவருகிறவர் தராசு வைத்திருக்க வேண்டும், நாம் கேட்டால் நிறுத்துக் காட்ட வேண்டும். வீட்டில் கொண்டுவந்து தருவதற்கான கட்டணமும் பில் தொகைக்குள்ளேயே அடக்கம், கூடுதலாக எதுவும் தர வேண்டியதில்லை. இதை எல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் என் மாமனார், ஓய்வுபெற்ற கணக்காளர்.

எங்கள் கட்டடத்தில் லிப்ட் கிடையாது. போன தடவை வந்தவர் ஐம்பது தாண்டியவர், சிலிண்டரைத் தோளில் வைத்து மூன்று மாடி ஏறிவந்து, இறக்கிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். எழுபது ரூபாய் மேலே கேட்டார். மாமனார் பில்லைக் காட்டிச் சட்டத்தைச் சொன்னார், ஒரு ரூபாய் கூடாது என்றார். அவர் எதிர்த்துப் பேசவில்லை. "நீங்க சொல்றது கரெக்டுதான் சார்" என்று சட்டைக் காலரால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு காலிச் சிலிண்டரைத் தூக்கினார். நான் தண்ணீர் கொடுத்தேன், இரண்டாம் மாடி வளைவில் ஓடிப்போய் என் பணத்தில் ஐம்பது ரூபாய் கொடுத்தேன். மாமனாருக்குத் தெரியாது.

அவர் சொன்ன சட்டத்தில் தப்பே இல்லை. ஏஜென்சி அந்த மனிதருக்கு ஒரு சிலிண்டருக்கு என்ன கொடுக்கிறது என்று தெரிந்தால் நன்றாக இருக்கும். இங்கே அந்த வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அடுத்த சிலிண்டர் பதிவு செய்தாகிவிட்டது.