தடித்த ஸ்லாப் செரிஃப்: தலைப்பில் கம்பீரம், பத்தியில் கரி. ஏன்?

நூலேணி:
வணக்கம். கணிதக் கண்காட்சி ஒன்றுக்கு ஆங்கிலத்தில் சுவரொட்டி தயாரிக்கிறேன். தலைப்புக்கு ராக்வெல் எக்ஸ்ட்ரா போல்டு போட்டேன். அது தடித்த ஸ்லாப் செரிஃப் எழுத்துரு, அதாவது கோடுகளின் முனையில் செரிஃப் எனும் கால்கள் கட்டையாக இருக்கும். கட்டை கட்டையான கால்களை ஊன்றி எழுத்துகள் நிற்கும் அழகே அழகு. அறையின் மறுகோடியிலிருந்தும் படிக்க முடிகிறது. அந்த உற்சாகத்தில் கீழே வரும் விளக்கப் பத்தியையும் அதே எழுத்துருவில் 11 பாயிண்டில் அமைத்துவிட்டேன். அச்செடுத்துப் பார்த்தால் கரியை அப்பியதுபோல் இருக்கிறது. சின்ன ‘ஏ’, சின்ன ‘ஈ’ இரண்டுக்கும் வயிறு அடைத்துப்போய், எது எது என்றே தெரியவில்லை. எழுத்துரு மோசமா, நான் மோசமா?

தாள்பித்தன்:
மட்டமான தாளாக இருக்கும். மை ஊறிப் பரவியிருக்கும். வழவழப்பான தாளில் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

ஈயக்கட்டை:
தாளின் மேல் பழி போடுவதற்கு முன் ஒரு கேள்வி. எக்ஸ்ட்ரா போல்டைத் தேர்ந்தெடுத்த பிறகு, தடிப்பாக்கும் ‘பி’ பொத்தானையும் அழுத்தினீர்களா? அழுத்தியிருந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டான். அந்தக் குடும்பத்தில் அதைவிடத் தடித்த எழுத்து கிடையாது. மென்பொருள் என்ன செய்யும்? இருக்கும் உருவத்தின் ஓரத்தைச் சுற்றி இன்னும் கொஞ்சம் கறுப்பைத் தடவி ஊதிவிடும்.

சின்ன ‘ஈ’யைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். மேலே வளைவு, நடுவே குறுக்குக்கோடு, கீழே வளைவு. மூன்று கறுப்பும் அவற்றுக்கு இடையே இரண்டு வெள்ளைச் சந்தும் அந்தக் குட்டை உயரத்துக்குள் அடங்கியாக வேண்டும். அதனால் வரைந்தவர் கிடைக்கோடுகளை நெடுங்கோட்டைவிடச் சற்று மெலிதாக்கியிருப்பார். இரண்டையும் ஒரே அளவில் வரைந்தால் கிடைக்கோடுதான் கண்ணுக்குத் தடிப்பாகத் தெரியும். மூன்று நெடுங்கோடு உள்ள சின்ன ‘எம்’முக்கு அந்தக் கோடுகளை ஒல்லியாக்குவார்கள். வளைவு நெடுங்கோட்டோடு சேரும் மூட்டிலும் கொஞ்சம் சீவிவிடுவார்கள். இத்தனை சிரமப்பட்டுச் சேமித்த வெள்ளையை அந்தப் பொத்தான் ஒரு நொடியில் தின்றுவிடும்.

பொத்தானை விட்டாலும் இவ்வளவு தடித்த எழுத்து பத்திக்கு ஆகாது. இந்த இனம் கூவி விற்கப் பிறந்தது. லண்டனில் வின்சென்ட் ஃபிகின்ஸ் 1810களில் ‘ஆன்டிக்’ என்ற பெயரில் வெளியிட்டது இந்த வகையின் முதல் எழுத்துகளில் ஒன்று. விளம்பரச் சுவரொட்டிக்காரர்கள் விழுந்தடித்து வாங்கினார்கள். பிறகு ‘எகிப்தியன்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. எகிப்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நெப்போலியன் படையெடுப்புக்குப் பின் ஐரோப்பாவில் எகிப்து மோகம் இருந்த காலம், அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால், கேஸ்லன் எழுத்து வார்ப்பகம் கால்களே இல்லாத ஓர் எழுத்துக்கும் அதே பெயரை வைத்திருந்தது!

நான் 20 ஆண்டுகள் அச்சுக் கோத்தவன். ஒருநாள் கோத்து முடித்த சட்டம் கைநழுவித் தரையில் விழுந்தது. மயிரிழைக் கோடுள்ள எழுத்துகளில் பாதிக்கு மூக்கு போயிற்று. ஸ்லாப் எழுத்துகளைத் துடைத்து அப்படியே திரும்பக் கோத்தேன். அன்றிலிருந்து எனக்கு இவற்றின் மேல் தனிப் பாசம். ஆனாலும் பத்திக்குப் போடமாட்டேன்.

நூலேணி:
ஐயா, அழுத்தியிருக்கிறேன். தலைப்பிலும் பத்தியிலும். வெட்கமாக இருக்கிறது.

கோடுகிழிப்பவள்:
ஈயக்கட்டை ஐயா சொன்னதில் பாதிக்கு ஆட்சேபம். கூரியரும் ஸ்லாப் செரிஃப்தானே? ஐபிஎம் தட்டச்சுப் பொறிக்காக 1950களில் ஹோவர்டு கெட்லர் வரைந்தது. அது எங்கே கூவுகிறது? அதில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். ஒல்லியான ‘ஐ’யை அந்த அகலத்தில் தனியாக விட்டால் இரு பக்கமும் பள்ளம் விழும், நீண்ட கால்கள்தான் அந்தப் பள்ளத்தை நிரப்புகின்றன. 1845இல் ராபர்ட் பெஸ்லி வெளியிட்ட கிளாரண்டனும் பத்திக்கு நடுவே உட்கார்ந்து வேலை பார்த்ததுதான். அகராதியில் தலைச்சொல்லைத் தடிப்பாகக் காட்டுவதற்கு அதைத்தான் பயன்படுத்தினார்கள்.

ஈயக்கட்டை:
கூரியரை ஒப்புக்கொள்கிறேன் அம்மா. நான் சொன்னது தடித்த ரகத்தை. கிளாரண்டன் விஷயத்தில் ஒரு சொல்லுக்கும் ஒரு பத்திக்கும் வித்தியாசம் உண்டு. பெஸ்லி பதிவு செய்து மூன்றாண்டு உரிமை வாங்கினார். அது முடிந்ததும் ஊரே நகலெடுத்தது. அதன் கால்கள் தண்டோடு சேரும் இடத்தில் மெல்ல வளைவதால் கண்ணுக்கு இதம். ராக்வெல்லில் அந்த வளைவு இல்லை, வெட்டிவைத்த செங்கல் மாதிரி சேரும்.

நூலேணி, பத்திக்குக் கால் இல்லாத சாதாரண எழுத்து ஒன்றைப் போடுங்கள். தலைப்பில் எழுத்துகளைச் சற்று நெருக்குங்கள். ஆனால் ‘ஆர்’, ‘ஏ’ இரண்டும் பெரிய எழுத்தாக அடுத்தடுத்து வந்தால் கால்கள் முட்டிக்கொள்ளும். அந்த இடத்தைக் கையால் விலக்குங்கள்.

நூலேணி:
பொத்தானை எடுத்தேன், பத்தியை மாற்றினேன். பழைய தாள்தான், தாள்பித்தன். இப்போது ‘ஈ’யின் வயிற்றில் வெள்ளை தெரிகிறது. தலைப்பில் ‘ஆர்’, ‘ஏ’ முட்டிக்கொண்டுதான் நின்றன. விலக்கிவிட்டேன்.