'எச்சரிக்கை நிறம்' போதுமா? அபோசெமாட்டிசத்துக்கு ஒரு சொல்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம். நஞ்சோ கசப்போ உள்ள ஓர் உயிர், தன்னைத் தின்ன வரும் விலங்குக்கு 'என்னைத் தொடாதே' என்று முன்கூட்டியே குறிகாட்டுவதுதான் அபோசெமாட்டிசம். அதற்குத் தமிழ்ச்சொல் தேடியபோது நீங்கள் எழுப்பிய கேள்விகளுக்கும் முன்வைத்த சொற்களுக்கும் என் மறுமொழி இது.

> 'எச்சரிக்கை நிறம்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே. புதுச்சொல் எதற்கு?

எளிய சொல்தான். பள்ளிப் பாடங்களில் அதுவே இருக்கட்டும். ஆனால் 'அபோசெமாட்டிசம்' என்பதற்கு நேர்ச்சொல்லாக வைத்தால் இடிக்கிறது. 1890இல் விலங்கியலாளர் எட்வர்ட் பூல்ட்டன் அச்சொல்லை ஆக்கியபோது, அப்பால் என்ற பொருளுள்ள கிரேக்க முன்னொட்டையும் குறி என்ற பொருளுள்ள பெயரையும் சேர்த்தார். நிறம் அதில் இல்லவே இல்லை. புலி அந்துப்பூச்சிகளில் சில, வௌவால் நெருங்கும்போது மீயொலியில் சொடுக்கொலி எழுப்பி 'நான் கசப்பேன்' என்று அறிவிக்கின்றன. இருட்டில் அந்த வௌவாலுக்கு நிறத்தால் என்ன பயன்?

எடுப்பான நிறமெல்லாம் எச்சரிக்கையும் ஆகாது. நம் கண்ணுக்குப் புலியைப் போலப் பளிச்சென்று தெரியும் விலங்கு குறைவு. ஆனால் மானின் கண்ணில் நிறமறியும் கூம்பணுக்கள் இருவகையே உண்டு. செம்மஞ்சளையும் பச்சையையும் அதனால் பிரித்தறிய முடியாது. புதருக்குள் நிற்கும் புலி அதற்குப் புதராகவே தெரிகிறது. அது உருமறைப்பு. பார்ப்பவர் யார் என்பதைப் பொறுத்தே ஒரு நிறத்துக்குப் பொருள் அமைகிறது. ஆகவே நிறத்தை விட்டுவிட்டுக் குறியைப் பிடிப்போம்.

> வெருட்குறி?

அழகான சொல், மனம் அதன் பக்கம் சாய்ந்தது உண்மை. ஆனால் வெருளி என்றால் வயலில் நிற்கும் வைக்கோல் பொம்மை. அதனிடம் மிரட்டல் மட்டும்தான் உண்டு. நாம் பேசும் உயிர்களிடம் நிஜமாகவே நஞ்சு இருக்கிறது. மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழு, எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த பால்செடிகளைத் தின்று அவற்றின் நஞ்சை உடலில் சேர்த்துக்கொள்கிறது. வளர்ந்த பூச்சியைத் தின்னும் நீல ஜே பறவை வாந்தியெடுக்கிறது, பிறகு அந்தச் செம்மஞ்சளைக் கண்டாலே ஒதுங்குகிறது. வெருட்குறியை வேறொன்றுக்கு வைத்துக்கொள்ளலாம். மயிற்கண் வண்ணத்துப்பூச்சி சிறகைச் சட்டென்று விரித்துக் கண் போன்ற புள்ளிகளைக் காட்டுகிறதே, நஞ்சில்லாத அந்த மிரட்டலுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

> தீண்டாக்குறி?

வேண்டாம் ஐயா. இலக்கணம் சரிதான். ஆனால் மனிதரை மனிதர் ஒதுக்கிவைத்த கொடுமையின் பெயரை ஒரு மாணவர் அறிவியல் ஏட்டில் படிக்க நேரக் கூடாது.

என் முன்மொழிவு 'விலக்குகுறி'. தட்டச்சுப் பிழை இல்லை, ஒற்று வேண்டுமென்றே மிகவில்லை. 'விலக்குக்குறி' என்றால் விலக்கு பெயர்ச்சொல். வரிவிலக்கு, வீட்டுவிலக்கு எல்லாம் கூடவே நினைவுக்கு வரும். 'விலக்குகுறி' வினைத்தொகை: விலக்கிய, விலக்குகிற, விலக்கும் குறி. விலக்கும் வேலையைக் குறியே செய்கிறது.

அந்த வேலைதான் இங்கே மையம். பகட்டு நிறப் புழுக்கள் டார்வினைக் குழப்பின. புழு இணை தேடுவதில்லை. பிறகு அழகு எதற்கு? 1867இல் இயற்கையியலாளர் வாலஸ் விடை சொன்னார்: கசக்கும் என்று பறவை துப்பினாலும், ஒரு கொத்தலிலேயே புழு செத்துவிடக்கூடும். ஆகவே கொத்துவதற்கு முன்பே 'நான் உண்ணத் தகாதவன்' என்று தெரிந்தாக வேண்டும். நஞ்சு மட்டும் அந்தப் புழுவைக் காப்பாற்றாது, முன்கூட்டியே விலக்கும் குறியும் வேண்டும். 'எச்சரிக்கை' என்பதில் இந்த முந்திக்கொள்ளல் ஓரளவு இருக்கிறது, 'விலக்கு' என்ற வினையில் விளைவும் சேர்ந்து வருகிறது.

கிளைச்சொற்களும் தடையின்றி வருகின்றன: விலக்குநிறம், விலக்கொலி, விலக்குமணம். இயற்கையியலாளர் பேட்ஸ் 1862இல் விளக்கிய போலிக்கோல வகையில் நஞ்சில்லாத பூச்சி நஞ்சுள்ளதன் கோலத்தைப் போட்டுக்கொள்கிறது. அதைப் 'போலி விலக்குகுறி' எனலாம்.

இயற்கையியலாளர் முல்லர் விளக்கிய இன்னொரு வகைக்குச் சொல் தேடும்போதுதான் தயங்கி நிற்கிறேன். அங்கே ஒத்த கோலம் கொண்ட இரண்டு இனங்களிலும் நஞ்சு உண்டு, எதுவும் எதற்கும் போலி இல்லை. பறவைக்குப் பாடம் புகட்டும் இழப்பை இரண்டும் பகிர்ந்துகொள்கின்றன. 'கூட்டு விலக்குகுறி' என்று எழுதிவைத்திருக்கிறேன். கூட்டமாக வாழும் உயிர்களின் குறி என்று யாராவது பிழையாகப் படித்துவிடுவார்களோ என்ற தயக்கம் இருக்கிறது. 'பொது விலக்குகுறி' மேலா? இந்த ஒன்றுக்கு மட்டும் உங்கள் கருத்தை எழுதுங்கள்.