94 மியாட்டாவில் 4.10 கழற்றி 4.78 போட்டபின், ஆக்ஸிலரேட்டரை விட்டால் டிஃப் ஊளையிடுகிறது – உதவி தேவை

சிவப்பு மியாட்டா (ஸ்காபரோ):

எல்லோருக்கும் வணக்கம். கார் 1994 மாஸ்டா எம்எக்ஸ்-5 (மியாட்டா), 1.8 எஞ்சின், 5 கியர், டோர்சன் டிஃப் (எஞ்சின் விசையைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலில் ஒரு வகை), 185/60-14 டயர். கோடையில் ஷானன்வில், மொஸ்போர்ட் ட்ராக்கில் ஓட்டுவேன். மற்ற நாட்களில் 401 நெடுஞ்சாலையில் வேலைக்குப் போவதும் இதே காரில்தான்.

ஷானன்வில் ஹேர்பின்னில் 60 கி.மீ. வேகத்துக்கு இறங்கினால், 4.10 டிஃப்போடு (சக்கரம் ஒருமுறை சுற்ற ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் 4.10 முறை சுற்றும்) 2-ஆம் கியரில் எஞ்சின் ஏறக்குறைய 4270 ஆர்பிஎம்மில் இருக்கும். இந்த எஞ்சினின் டார்க் (முறுக்கு விசை) உச்சம் 5000. அதனால் வளைவை விட்டு வெளியே வரும்போது இழுவையே இருக்காது. முதல் தலைமுறை கியா ஸ்போர்டேஜின் 4.78 கிரவுன்-பினியன் (டிஃப்புக்குள் சேர்ந்து சுற்றும் பெரிய, சின்ன பல்சக்கர ஜோடி) இந்த 7 அங்குல டிஃப்புக்குப் பொருந்தும் என்பதால் ஒரு செட் வாங்கி, குளிர்காலத்தில் ஒரு வொர்க்‌ஷாப்பில் கொடுத்து மாற்றினேன்.

ஹேர்பின்னில் இப்போது அதே வேகத்தில் 4970 ஆர்பிஎம். நான் கேட்டது இதுதான், கிடைத்துவிட்டது. ஆனால் மூன்று பிரச்சினைகள்:

80 முதல் 100 கி.மீ. வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டவுடன் "ஊஊ" என்று நீளமாக ஒரு சத்தம், கியர் லீவர் பக்கமிருந்து வருவது மாதிரி. மிதித்தால் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது.

ஜிபிஎஸ் 100 காட்டும்போது ஸ்பீடோ 116, 117 காட்டுகிறது.

401-இல் 5-ஆம் கியரில் 120 போனால் 4300 ஆர்பிஎம். காது வலிக்கிறது.

சத்தம் ஓட ஓடச் சரியாகிவிடும் என்று வொர்க்‌ஷாப்பில் சொன்னார்கள். உண்மையிலேயே சரியாகுமா?

கோவை லேத்:

தம்பி, ஊளைச் சத்தம் ஓட்டி ஓட்டிச் சரியாகாது. பல் தேய்ந்து சத்தம் மாறும், அவ்வளவுதான். அதைச் சரியானதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ட்ராக்குக்கு இப்போதைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள். கிரவுன்-பினியன் புதுசா பழசா? பினியன் பேரிங் மாற்றினார்களா? கிரஷ் ஸ்லீவ் (பினியன் நட்டை இறுக்கும்போது நசுங்கி பேரிங் இறுக்கத்தை அமைக்கும் குழாய்) புதுசு போட்டார்களா? பேக்லாஷ் (பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே விடும் இடைவெளி) எவ்வளவு வைத்தோம் என்று எழுதிக் கொடுத்தார்களா? ஆயிலை இறக்கி, வடிகால் போல்ட்டில் என்ன ஒட்டியிருக்கிறது என்றும் பாருங்கள்.

சிவப்பு மியாட்டா:

நன்றி அண்ணா. செட் பழசு. பேரிங் நன்றாக இருந்ததாகச் சொல்லி அதையே போட்டிருக்கிறார்கள். என் பழைய பினியனில் இருந்த ஷிம்மையே (பினியன் நிற்கும் ஆழத்தை அமைக்கும் மெல்லிய வளையம்) எடுத்து இந்தப் பினியனுக்கும் வைத்திருக்கிறார்கள். ஸ்லீவ் பற்றி பில்லில் ஒன்றும் இல்லை, பேக்லாஷ் எண்ணும் இல்லை. ஆயில் 75டபிள்யூ-90 ஜிஎல்-5, ஒரு லிட்டர். இறக்கிப் பார்த்தேன். காந்தத்தில் சாம்பல் நிறப் பசை, விரலில் தேய்த்தால் மினுங்குகிறது. துண்டு துணுக்கு எதுவும் இல்லை.

கோவை லேத்:

துணுக்கு இல்லை என்பது நல்ல செய்தி. பல் உடையவில்லை, செட்டைக் காப்பாற்றலாம்.

விஷயம் இதுதான். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது பினியன் கிரவுனை விட்டு முன்பக்கமாகத் தள்ளப்படும். விடும்போது சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது, விசை பல்லின் மறுபக்கத்தில் விழுகிறது, பினியன் கிரவுனை நோக்கி உள்ளே இழுபடும். பேரிங்கில் பிரிலோடு (கட்டும்போதே கொடுக்கும் இறுக்கம்) சரியாக இருந்தால் இந்த இழுப்புக்குப் பினியன் அசையாது. பிரிலோடு விட்டுப்போயிருந்தால் அசையும், பல் தப்பான இடத்தில் தொடும். விட்டால் சத்தம், மிதித்தால் அமைதி என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். கிரஷ் ஸ்லீவ் ஒருமுறை நசுங்கினால் அதன் வேலை முடிந்தது. பழைய ஸ்லீவை வைத்து நட்டை இறுக்கினால் பிரிலோடு எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது.

இரண்டாவது, அந்த ஷிம். ஒவ்வொரு கிரவுன்-பினியனும் தொழிற்சாலையில் ஜோடியாகச் சேர்த்து உராயவிட்டு வருவது. உங்கள் 4.10 பினியனுக்குச் சரியாக இருந்த ஷிம் கனம், வேறு வண்டியிலிருந்து வந்த 4.78 பினியனுக்கும் சரியாக இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. இருந்தால் அதிர்ஷ்டம். நான் லாரி, ஜீப் டிஃப் நிறைய கட்டியிருக்கிறேன். ஷிம்மை அப்படியே மாற்றிப் போட்டுக் கேஸை மூடிய டிஃப்தான் அதிகம் திரும்பி வரும்.

டிஃப்பைக் கீழே இறக்குங்கள். இந்தக் காரில் கியர்பாக்ஸையும் டிஃப்பையும் பிணைத்து நீளமாக ஒரு அலுமினிய ஃபிரேம் ஓடுகிறது. அதைக் கழற்றுமுன் கியர்பாக்ஸுக்கு அடியில் ஜாக் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கியர்பாக்ஸின் வால்பக்கம் தொங்கிவிடும். திரும்பப் பூட்டும்போது மேனுவலில் உள்ள உயரத்துக்கு வைத்து இறுக்க வேண்டும். சத்தம் கியர் லீவர் பக்கம் கேட்பதற்குக் காரணமும் அந்த ஃபிரேம்தான். டிஃப்பில் எழும் சத்தத்தை அது முன்னால் கடத்திவிடும். அதனால் கியர்பாக்ஸைச் சந்தேகப்பட்டுப் பிரிக்க வேண்டாம்.

மேசையில் வைத்ததும், எதையும் கழற்றுவதற்கு முன் டயல் கேஜ் வைத்து பேக்லாஷ் பாருங்கள். இந்த டிஃப்புக்கு 0.09 முதல் 0.11 மி.மீ. வரை. கிரவுனைச் சுற்றி நாலு இடத்தில் அளக்கணும், ஒரே இடத்தில் போதாது. அப்புறம் பிரஷ்யன் புளூ (பல் தொடும் இடத்தைக் காட்டும் நீலப் பசை) தடவி, கிரவுனைக் கையால் கொஞ்சம் தடுத்துப் பிடித்து இரண்டு பக்கமும் சுற்றி, தடம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். தடம் பல்லின் வேர்ப்பக்கம் இறங்கியிருந்தால் பினியன் அதிகம் உள்ளே இருக்கிறது, ஷிம் கனம் குறைய வேண்டும். பல்லின் உச்சிப்பக்கம் ஏறியிருந்தால் பினியன் வெளியே நிற்கிறது, கனம் கூட வேண்டும். பேக்லாஷ் பக்கத்து அட்ஜஸ்டர் நட்டுகளில் சரியாகும். குறைத்தால் தடம் பல்லின் உள்முனைக்கு நகரும், கூட்டினால் வெளிமுனைக்கு. முதலில் பினியன் ஆழம், பிறகுதான் பேக்லாஷ். மாற்றிச் செய்தால் நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும்.

பேரிங் நாலும் புதுசு, ஸ்லீவ் புதுசு, பினியன் நட் புதுசு. இதில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

நெடுஞ்சாலை 401:

சத்தத்தைப் பற்றி அண்ணா சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்ல எதுவுமில்லை. மூன்றாவது பிரச்சினைக்கு மட்டும் வருகிறேன், ஏனென்றால் டிஃப் சரியானாலும் அது போகாது.

டிஃப் மாற்றினால் எல்லா கியரும் ஒரே விகிதத்தில் ஷார்ட் ஆகும், அதாவது அதே வேகத்துக்கு எஞ்சின் கூடுதலாகச் சுற்றும். கியருக்கும் கியருக்கும் உள்ள இடைவெளி அப்படியேதான் இருக்கும். உங்கள் 5 கியர் பாக்ஸில் 2-ஆம் கியர் 1.888, 3-ஆம் கியர் 1.330. 7000-இல் மாற்றினால் 4930-க்கு விழும். 4.10 டிஃப்பிலும் அதே 4930, 4.78 டிஃப்பிலும் அதே 4930.

இரண்டாம் தலைமுறை எம்எக்ஸ்-5 உடன் வந்த 6 கியர் பாக்ஸின் எண்கள் 3.760, 2.269, 1.645, 1.257, 1.000, 0.843. இதை உங்கள் பழைய 4.10 டிஃப்போடு வைத்துப் பாருங்கள். 2-ஆம் கியர் 7000-இல் 82 கி.மீ. வரை போகும். இப்போது உங்கள் 4.78-இல் 84 அல்லது 85. அதாவது ஹேர்பின்னில் உங்களுக்குப் பிடித்த இழுவை அப்படியே கிடைக்கும், கொஞ்சம் கூடுதலாகவே. 3-இலிருந்து 4-க்கு மாற்றினால் 5350-க்குத்தான் விழும், உங்கள் பாக்ஸில் 5260. நெடுஞ்சாலையில் 100-க்கு 3170 ஆர்பிஎம், உங்களுக்கு இப்போது 3570. 120-இல் 3810, உங்களுக்கு 4290.

தினமும் 401-இல் ஓடும் காருக்கு என் தேர்வு 6 கியர், 4.10. ட்ராக்குக்கு மட்டும் ட்ரெய்லரில் போகும் கார் என்றால் 5 கியர், 4.78-ஐ வைத்துக்கொள்ளலாம். 5 கியர் பாக்ஸ் எடை குறைவு, 6 கியரைவிட ஒரு கியர் மாற்றம் மிச்சம். 6 கியரும் 4.78-ம் சேர்த்துப் போடாதீர்கள். முதல் கியர் நகர ஆரம்பித்ததும் தீர்ந்துவிடும், 100-க்கு 3700 ஆர்பிஎம் ஓடும்.

சிவப்பு மியாட்டா:

இந்தக் கணக்கை டிஃப் வாங்குமுன் யாரும் சொல்லவில்லை. 6 கியர் பாக்ஸ் என் எஞ்சினோடு பொருந்துமா? அப்புறம் ஸ்பீடோ?

நெடுஞ்சாலை 401:

எஞ்சின் குடும்பம் ஒன்றுதான், பாக்ஸ் பொருந்தும். ஸ்விட்ச் வயர், ஸ்பீடோ கேபிள் என்று சின்ன வேலைகள் இருக்கும், வாங்குமுன் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஸ்பீடோ கியர்பாக்ஸின் பின்பக்கமிருந்து ஓடுகிறது, டிஃப்புக்கு முன்னாலேயே. அதனால் டிஃப் ஷார்ட் ஆன அளவு, 16.5 சதவீதம், அப்படியே கூடுதலாகக் காட்டும். ஓடோமீட்டரும் அதே அளவு கூட எண்ணும், கார் விற்கும்போது இதைச் சொல்ல வேண்டும். பாக்ஸில் செருகியிருக்கும் சின்ன பிளாஸ்டிக் கியரை வெளியே எடுத்துப் பல்லை எண்ணுங்கள். அதை 1.165-ஆல் பெருக்கி, அதற்கு அருகிலுள்ள பல் எண்ணிக்கையில் வேறொன்று போடுங்கள். 20 பல் இருந்தால் 23. டிஃப் மறுபடி 4.10-க்குப் போகிறது என்றால் எதையும் தொட வேண்டாம்.

ஒன்று புள்ளி ஆறு:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னுடையது 1990, 1.6. எனக்கும் இந்த 4.78 செட் போகுமா?

கோவை லேத்:

போகாது. 1.6-இல் இருப்பது 6 அங்குல டிஃப், கிரவுனே சின்னது. 7 அங்குலம் வேண்டுமென்றால் டிஃப்போடு ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், இரண்டு ஆக்ஸில் ஷாஃப்ட்டும் சேர்த்து மாற்ற வேண்டும். தொழிற்சாலையிலிருந்தே உங்களுக்கு 4.30 வந்திருக்கிறது, 1.8 கார்களைவிட ஏற்கெனவே ஷார்ட். அதை விட்டுவிடுங்கள், டயருக்குச் செலவு செய்யுங்கள்.

சிவப்பு மியாட்டா:

டிஃப் இறக்கிப் பிரித்தாயிற்று. பேக்லாஷ் 0.24 மி.மீ. பினியனைக் கையால் சுற்றினால் தடையே இல்லை, ஃபிளேஞ்சை (ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் பூட்டும் தட்டு) பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால் லேசாக ஆடுகிறது. பழைய ஸ்லீவ்தான் உள்ளே இருந்தது. புளூ தடம் இரண்டு பக்கமும் பல்லின் உச்சிப்பக்கம்.

கோவை லேத்:

அப்படியென்றால் பினியன் வெளியே நிற்கிறது, பிரிலோடும் இல்லை. ஷிம் ஒரு படி கனமாக வைத்து, புது பேரிங், புது ஸ்லீவோடு கட்டிப் பாருங்கள். நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் பினியன் சுற்றும் தடையை டார்க் மீட்டரில் பாருங்கள். தடை வேண்டிய அளவைத் தாண்டிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சரிக்கட்டக் கூடாது, இன்னொரு ஸ்லீவ்தான். இரண்டு ஸ்லீவ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சிவப்பு மியாட்டா:

கட்டி முடித்துப் பூட்டியாயிற்று அண்ணா. இரண்டாவது ஸ்லீவும் தேவைப்பட்டது. ஷிம் இரண்டு தடவை மாற்றியபின் தடம் பல்லின் நடுவில் விழுந்தது, பேக்லாஷ் நாலு இடத்திலும் 0.10, 0.11. 401-இல் ஓட்டிப் பார்த்தேன். 90-இல் ஆக்ஸிலரேட்டரை விட்டால் ரேடியோவை அணைத்துக் காது கொடுத்தால் மட்டும் மெல்லிய சத்தம்.

இந்தக் கோடைக்கு 4.78-ஓடு ஓட்டுகிறேன், ஸ்பீடோ கியர் ஆர்டர் போட்டாயிற்று. 4.10 செட்டை விற்கவில்லை, 6 கியர் பாக்ஸ் நல்லதாகக் கிடைத்தால் திரும்பப் போட வேண்டியிருக்கும்.

கோவை லேத்:

பழைய செட்டில் அவ்வளவு சத்தம் மிஞ்சத்தான் செய்யும், பயப்பட வேண்டாம். முதலில் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிட்டு, மறுபடி ஓட்டி ஆறவிடுங்கள், எடுத்த எடுப்பில் ட்ராக்கில் விரட்டாதீர்கள். 800 கி.மீ. ஆனதும் ஆயிலை மாற்றி, காந்தத்தைப் படம் எடுத்து இங்கே போடுங்கள்.