மகன் குடிய விட்டு பத்து மாசம் ஆச்சு, எனக்குத்தான் மனசு வரல

காவேரிக்கரை:
வயசு 61, திருச்சி. பையனுக்கு 34. எட்டு வருசமா குடி. என் தாலிக்கொடிய அடகு வச்சான், தங்கச்சி கல்யாணத்துக்கு சீட்டு எடுத்து வச்சிருந்த பணத்த தூக்கிட்டுப் போனான், அதெல்லாம்கூட போகட்டும்னு விட்டுட்டேன். ரெண்டு வருசம் முன்னாடி அவங்க அப்பா தவறினப்போ எந்தக் கடை வாசல்ல மட்டையாகிக் கிடந்தானோ, ஆள் விட்டுத் தேடியும் சாயங்காலம் வரைக்கும் கிடைக்கல, கடைசில எங்க அண்ணன் மகன்தான் கொள்ளி வச்சான். ஊரே பாத்துச்சு. இப்ப அட்மிட் ஆகி சிகிச்சை எடுத்து பத்து மாசமா தொடலங்கிறான், ஆளும் தெளிவாத்தான் இருக்கான். வர்ற ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்கு நான்தான் தர்ப்பணம் குடுப்பேன், அப்படியே வீட்டோட இருந்துக்கறேன்மாங்கிறான். சரின்னு வாய் வரைக்கும் வருது, அந்த நாள நெனச்சா தொண்டை அடைச்சுக்குது. பெத்தவ இப்படி இருக்கலாமா?

ஈரோட்டுக்காரி:
இருக்கலாம் அக்கா. நானும் இருந்தேன். குடிய விட நெனக்கிறவங்க ஒண்ணா கூடிப் பேசற ஏஏ கூட்டம் இருக்கிற மாதிரி வீட்டு ஆளுங்களுக்கு அல்-அனான்னு ஒண்ணு இருக்கு, கட்டணம் கிடையாது, பேரும் வெளிய போகாது. அவன் குடிய நான் உண்டாக்கல, என்னால அடக்கவும் முடியாது, குணமாக்கவும் முடியாதுன்னு அங்க போய்த்தான் புரிஞ்சுது. நாம மன்னிக்கலன்னா திரும்ப குடிச்சிருவானோன்னு பயந்துக்கிட்டு மட்டும் சரின்னு சொல்லிராதீங்க. மன்னிக்கிறது வேற, பீரோ சாவிய குடுக்கிறது வேற. என் பையன் ஏழாம் மாசம் திரும்ப விழுந்தான், அப்புறம் எந்திரிச்சான், இப்பவும் வாடகை வீட்லதான் இருக்கான், ஞாயித்துக்கிழமை சாப்பிட வருவான்.

ஒத்தவீடு:
பெத்த மனம் பித்துன்னு சொல்லிச் சொல்லியே அம்மாக்கள சாகடிக்கிறீங்கப்பா. மன்னிக்கவே வேணாம்மா. கொள்ளி வச்ச பையனே தர்ப்பணமும் குடுக்கட்டும்.

பழைய குடிகாரன்:
அம்மா, நான் அந்தப் பக்கத்து ஆளு, விட்டு 6 வருசம். எங்கம்மா மன்னிச்சேன்னு இன்னிக்கு வரைக்கும் சொன்னதில்ல. வந்த புதுசுல ரேஷன் கடைக்கு அனுப்புவாங்க, மிச்ச சில்லறைய என் முன்னாடியே ரெண்டு தடவ எண்ணுவாங்க, எனக்கு அது அவமானமா தெரியல, எண்ணட்டும்னுதான் இருந்துச்சு. ரெண்டு வருசம் கழிச்சு ஒரு நாள் எண்ணாம அஞ்சறைப்பெட்டில போட்டாங்க, நான் கொல்லப்பக்கம் போய் நின்னுட்டேன்.
இன்னொண்ணு, தெரியாம சோத்துல கலந்து குடுங்கன்னு எவனாவது குடிய நிறுத்துற மாத்திரை குடுத்தா வாங்கிறாதீங்க. அது உடம்புல இருக்கிறப்போ அவன் குடிச்சான்னா உயிருக்கே ஆபத்து, டாக்டர் பாத்து, அவனுக்குத் தெரிஞ்சு, அவனே போடணும். தப்பித்தவறி மறுபடி தினம் குடிக்க ஆரம்பிச்சுட்டா ரூம்ல பூட்டி வச்சு நிறுத்தப் பாக்காதீங்க, ரெண்டு மூணு நாளுக்குள்ள வலிப்பு வரலாம், ஆஸ்பத்திரிதான். மனசு தாங்காம யார்கிட்டயாவது பேசணும்னா 14416க்கு அடிங்க, அரசாங்க மனநல உதவி எண், ஃப்ரீ.

பத்திர எழுத்து:
நான் வேற விஷயம் கேக்கறேன். வீடு யார் பேர்ல? அய்யா பேர்ல இருந்து உயில் எழுதாம போயிருந்தா உங்களுக்கு, பையனுக்கு, பொண்ணுக்கு சம பங்கு (அவரோட தாயார் இருந்தா அவங்களுக்கும்). உங்க பேர்லன்னா பாசத்துல செட்டில்மென்ட் எழுதிறாதீங்க, உயில்னா எப்ப வேணா மாத்திக்கலாம். எழுதியே ஆகணும்னா என்னை வச்சுப் பாத்துக்கணும்னு பத்திரத்துலயே நிபந்தனை போடுங்க, பாக்கலன்னா 2007 மூத்த குடிமக்கள் சட்டத்துல 23வது பிரிவுப்படி ஆர்டிஓ (வருவாய் கோட்டாட்சியர்) கிட்ட மனு குடுத்து ரத்து கேக்கலாம்.

காவேரிக்கரை:
எல்லாருக்கும் நன்றிப்பா. ஒத்தவீடு சொன்னதுதான் முதல்ல மனசுக்கு இதமா இருந்துச்சு, பொய் சொல்லல. வீடு என் பேர்லதான், யாருக்கும் எழுதல. வீட்டுக்கு இப்ப வேணாம், அமாவாசைக்கு நேரா அம்மாமண்டபம் படித்துறைக்கு வந்துருன்னு நேத்து போன்ல சொல்லிட்டேன், சரிம்மான்னான், வேற ஒண்ணும் பேசல. அங்க தாத்தா, கொள்ளுத்தாத்தா பேரெல்லாம் கேப்பாங்க. அவனுக்குத் தெரியாது. ஒரு சீட்டுல எழுதி வச்சிருக்கேன்.