சீனத்தில் ‘திறமை’: பென்ஷ் எழுதலாமா, நெங்லி எழுத வேண்டுமா? உதவி தேவை

கார்த்திகைப்பூ:

எல்லோருக்கும் வணக்கம். மாண்டரின் படித்துக்கொண்டிருக்கிறேன், எச்எஸ்கே என்ற சீன மொழித் தேர்வின் 4ஆம் நிலைக்குத் தயாராகி வருகிறேன். சீன எழுத்து எல்லோர் திரையிலும் ஒழுங்காக வராது என்பதால் ஒலியைத் தமிழிலேயே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஷென்ஜெனில் உள்ள ஒரு மின்னணுப் பொருள் நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கிறேன். சீனத்தில் ஒரு சின்ன சுய அறிமுகம் கேட்டிருக்கிறார்கள். என் வரைவில் இந்த இரண்டு வரிகள் இருந்தன:

வோ யோவ் பென்ஷ். (எனக்குத் திறமை இருக்கிறது.)
வோ த பென்ஷ் ஹென் தா. (என் திறமை மிகப் பெரியது.)

சீனத் தோழி ஒருத்தி இரண்டையும் அடிக்கோடிட்டு, “இலக்கணம் சரி, ஆனால் இப்படி யாரும் எழுத மாட்டார்கள். நெங்லி போடு” என்றாள். சரி என்று சொல்லை மட்டும் மாற்றி ‘வோ த நெங்லி ஹென் தா’ என்று காட்டினால் அதற்கும் தலையை ஆட்டுகிறாள். காரணம் கேட்டால் “கேட்க ஒரு மாதிரி இருக்கு” என்பதற்கு மேல் அவளால் சொல்ல முடியவில்லை.

அகராதியில் இரண்டுக்கும் ‘திறமை, ஆற்றல்’ என்றுதான் இருக்கிறது. அப்படியிருக்க எது எங்கே வரும்? பென்ஷ் கெட்ட வார்த்தையா?

ஈப்போக்காரன்:

கெட்ட வார்த்தையெல்லாம் இல்லை, நல்ல சொல்தான். ஆனால் உங்கள் தோழி சொன்னது சரி. நான் சீனப்பள்ளியில் படித்தவன். ‘எனக்கு பென்ஷ் இருக்கு’ என்று ஒருவர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்டால் எனக்கும் காதில் உறுத்தும்.

அந்த வரிகளில் என்ன சொல்ல நினைத்தீர்கள் என்று தமிழிலேயே எழுதுங்களேன். சொல்லை மட்டும் மாற்றினால் இது சரியாகாது என்று நினைக்கிறேன்.

கார்த்திகைப்பூ:

தர ஆய்வுப் பிரிவில் வேலை. நான் சொல்ல வருவது: புதிதாக எதையும் சீக்கிரம் கற்றுக்கொள்வேன். மற்றவர்களோடு பேசிப் புரியவைக்க வரும். பொருளில் எங்கே பிழை என்று கண்டுபிடிப்பேன். தமிழ், ஆங்கிலம் தெரியும், சீனம் ஓரளவு. அவ்வளவுதான்.

மொழிமேசை:

சீன-தமிழ் மொழிபெயர்ப்பு என் தொழில், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் பென்ஷ். இது வாய்ப்பேச்சில் வாழும் சொல். ஒருவர் காரியத்தைச் செய்து காட்டியதைக் கண்ணால் பார்த்துவிட்டு இன்னொருவர் சொல்லும் சொல். ‘தா யோவ் பென்ஷ்’ என்றால் ‘ஆள் கெட்டிக்காரர்’. ‘பிங் பென்ஷ் ச்ர் ஃபான்’ என்றால் யார் சிபாரிசும் இல்லாமல் தன் கைத்திறனை நம்பிப் பிழைப்பது. ‘ஜென் பென்ஷ்’ என்றால் மேல்பூச்சு இல்லாத அசல் திறமை. இதெல்லாம் பாராட்டு.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ‘மெய் பென்ஷ்’ என்பதை ‘திறமை இல்லை’ என்று பெயர்த்தால் அதன் சூடு போய்விடும். நம் ஊரில் ‘துப்பில்லாதவன்’ என்போமே, அதுதான். வீட்டுச் சண்டையில் கணவனைப் பார்த்து இதைச் சொன்னால் அன்று வீட்டில் சோறு இறங்காது. ‘யோவ் பென்ஷ் நீ லாய்’ என்றால் ‘முடிஞ்சா நீ வந்து செஞ்சு காட்டு’. சொல்லுக்குச் சொல் ‘திறமை இருக்கு, நீ வா’ என்று அழைப்பு மாதிரி இருக்கும். ஆனால் அது சவால். ‘ஜாங் பென்ஷ் ல’ என்பது ‘திறமை வளர்ந்துவிட்டது’. எதிர்த்துப் பேசும் பிள்ளையிடம் தாய் இதைச் சொன்னால், ‘பெரிய ஆளாயிட்டியோ’ என்று அர்த்தம்.

ஆக பென்ஷ் என்பது ஒருவரை எடைபோடும் சொல். எடைபோடுவது அடுத்தவர் வேலை. நீங்களே தராசில் ஏறி நின்று ‘ஹென் தா’ என்றால் தற்பெருமை ஆகிவிடுகிறது. உங்கள் தோழிக்கு ‘ஒரு மாதிரி’ இருந்தது அதனால்தான்.

இனி நெங்லி. இது எழுத்திலும் அலுவலகத்திலும் புழங்கும் சொல், சூடு இல்லாதது. பழைய 6 நிலை எச்எஸ்கே பட்டியலில் 4ஆம் நிலையிலேயே வரும், நீங்கள் எப்படியும் படித்திருப்பீர்கள். இதைத் தன்னைப் பற்றியே தாராளமாகச் சொல்லலாம், இரண்டு நிபந்தனைகளோடு.

ஒன்று, எந்தத் திறன் என்று முன்னால் சேர்க்க வேண்டும். கற்கும் திறன் ‘ஷுவேஷி நெங்லி’. பேசிப் புரியவைக்கும் திறன் ‘கோவ்தோங் நெங்லி’. வேலைத்திறன் ‘கோங்ஸுவோ நெங்லி’. வெறும் நெங்லி என்று நிறுத்தினால் படிப்பவர் ‘எதில்?’ என்று கேட்பார்.

இரண்டு, நெங்லி பெரும்பாலும் ‘பெரிது’ ஆகாது, ‘வலிது’ ஆகும். அதன் இரண்டாவது எழுத்தான ‘லி’ வலிமையைக் குறிப்பது. அதனால் ‘தா’ (பெரிய) வேண்டாம், ‘ச்சியாங்’ (வலுவான) போடுங்கள். குறைவாக இருந்தால் ‘ச்சா’ (மட்டமான). பென்ஷ் மட்டும் ‘தா’வோடு இயல்பாகச் சேரும். சொல்லை மட்டும் மாற்றிய உங்கள் இரண்டாவது வரைவு சிக்கியது இங்கேதான்.

விண்ணப்பத்தில் ‘ஹென் ச்சியாங்’ (மிக வலுவானது) என்பதைவிட ‘ஜியாவ் ச்சியாங்’ (ஓரளவு நன்றாகவே வலுவானது) என்று எழுதுவதுதான் வழக்கம். இன்னும் அடக்கமாக வேண்டுமானால் ‘யோவ் யிதிங் த… நெங்லி’, அதாவது ‘குறிப்பிடத்தக்க அளவு … திறன் உண்டு’. சீன விண்ணப்பங்களில் இந்த இரண்டு தொடர்களும் அடிக்கடி கண்ணில் படும். ஆனால் அடக்கம் என்று ‘நெங்லி யோவ்ஷியென்’ (என் திறன் குறைவே) என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கூட்டத்தில் பேசும்போது மரியாதைக்குச் சொல்லலாம். வேலை கேட்கும் தாளில் அதை உள்ளபடியே எடுத்துக்கொள்வார்கள்.

பனைநிழல்:

மொழிமேசை ஐயா, ஒரு சந்தேகம். ‘நெங்லி யுவே தா, ஸரென் யுவே தா’ (திறன் எவ்வளவு பெரிதோ பொறுப்பும் அவ்வளவு பெரிது) என்று சீனர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேனே. அங்கே ‘தா’தானே வருகிறது?

மொழிமேசை:

நல்ல கேள்வி. அது ஆங்கிலத்திலிருந்து வந்து சீனத்தில் ஊன்றிவிட்ட வாசகம். பொறுப்புக்கு ‘தா’ சேரும் என்பதால் இரண்டு பக்கமும் ஒலி ஒத்துப்போக ‘தா’ வருகிறது. ‘நெங்லி தா’ தவறே என்று நான் சொல்லவில்லை, பேச்சில் கேட்கலாம். சுய அறிமுகத்தில் ‘ச்சியாங்’ போட்டால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

ஈப்போக்காரன்:

ஐயா விட்ட ஒன்றை நான் சேர்க்கிறேன். கார்த்திகைப்பூ சொல்ல வருவதில் பாதிக்கு நெங்லியே தேவையில்லை. ‘ஹுவெய்’யும் ‘நெங்’கும் போதும்.

கற்றுப் பழகி வந்தது ஹுவெய். உடம்புக்கோ சூழ்நிலைக்கோ இயலுவது நெங். நீச்சல் தெரியும் என்றால் ஹுவெய். 2,000 மீட்டர் நீந்த முடியும் என்றால் நெங். கார் ஓட்டத் தெரிந்தவர் குடித்திருந்தால், அவருக்கு ஹுவெய் இருக்கிறது, நெங் இல்லை.

எங்கள் ஆசிரியை சொல்லித்தந்த ஒன்று இன்றும் மறக்கவில்லை. ‘ஹென் நெங் ச்ர்’ என்றால் நிறையச் சாப்பிடுகிறவர். ‘ஹென் ஹுவெய் ச்ர்’ என்றால் எதை எங்கே எப்படிச் சாப்பிட வேண்டும் என்று தெரிந்தவர், நாக்கு உள்ளவர். விருந்துக்கு அழைத்தவரிடம் மாற்றிச் சொன்னால் சங்கடம்.

மொழி தெரியும் என்பதற்கு எப்போதும் ஹுவெய்தான். எவ்வளவு தெரியும் என்ற மட்டத்துக்கு ‘ஷுவெய்பிங்’. நீங்கள் எழுதப்போகும் தேர்வின் முழுப் பெயரே ‘ஹான்யூ ஷுவெய்பிங் காவ்ஷ்’, அதாவது சீன மொழி மட்டத் தேர்வு. எனவே சான்றிதழ் கைக்கு வந்ததும் அந்த நிலையின் எண்ணைப் போட்டால் போதும், ‘சீனத் திறன் நன்று’ என்று தனியாக எழுத வேண்டாம்.

வூஹான்_மாணவி:

நான் இங்கே மருத்துவம் படிக்கிறேன். பென்ஷ் எப்போது இனிக்கும் என்று சொல்லட்டுமா?

எங்கள் விடுதிக்குப் பக்கத்தில் லான்ஜோ கைநூடுல்ஸ் கடை ஒன்று உண்டு. கடைக்காரர் மாவுத் திரட்டை இரண்டு கையாலும் இழுத்து, மடித்து, மறுபடி இழுப்பார். மடிக்க மடிக்க ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, கண் இமைப்பதற்குள் நூல் நூலாகத் தொங்கும். பலகையில் ஒரு தட்டு தட்டிவிட்டுக் கொதிக்கும் பானையில் எறிவார். பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் ‘ஜென் யோவ் பென்ஷ்!’ என்றார். கடைக்காரர் நிமிராமலே ‘லியென் சூலாய் த’ (பழகிப் பழகி வந்தது) என்றார். அந்த இடத்தில் நெங்லி என்று சொல்லியிருந்தால் மேலாளர் அறிக்கை வாசித்த மாதிரி இருந்திருக்கும்.

அப்புறம், ‘பென்லிங்’ என்று ஒன்று பாடத்தில் வருகிறதே, அது எங்கே சேரும்? எனக்கும் அது குழப்பம்.

மொழிமேசை:

பென்லிங்கை நம் ‘வித்தை’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வையுங்கள். பென்ஷ் மாதிரி திட்டவும் சவால் விடவும் வராது, கொஞ்சம் மதிப்பானது. முறையாகக் கற்றுத் தேர்ந்த கலை. சிறுவர் கதைகளில் நிறைய வரும். புலிக்குப் பூனை வித்தை கற்றுக்கொடுத்த கதை சீனாவில் குழந்தைகளுக்கெல்லாம் தெரியும். பதுங்க, பாய, பிடிக்க எல்லாம் கற்றுக்கொண்ட புலி, இனிக் குருவைத் தின்றுவிடலாம் என்று பாய்கிறது. பூனை மரத்தில் ஏறிக்கொள்கிறது. மரம் ஏறும் வித்தையை மட்டும் அது சொல்லித்தரவில்லை. இப்படி யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கும் வித்தைக்குக் ‘கான்ஜியா பென்லிங்’ என்று பெயர். கான்ஜியா என்றால் வீட்டைக் காப்பது.

‘ட்ஸாய்ஹுவா’ எழுத்து, இசை போன்ற கலைத்திறன். ‘தியென்ஃபு’ பிறவியிலேயே வந்தது. இந்த விண்ணப்பத்துக்கு இரண்டும் வேண்டாம்.

பனைநிழல்:

உச்சரிப்பு பற்றி ஒரு வார்த்தை. பென்ஷ்ஷில் முதல் அசைக்கு மூன்றாம் தொனி, தாழ்த்திச் சொல்ல வேண்டும். இரண்டாவது அசை மென்தொனி, அழுத்தாமல் சட்டென்று விட வேண்டும். அதையும் நான்காம் தொனியில் அழுத்தினால் வேறு சொல் ஆகிவிடும்: ஒரு கவிதைக்கோ கதைக்கோ மூலமான நிகழ்ச்சி. இலக்கியம் பேசுபவர்களிடம்தான் அது புழங்கும், ஆனாலும் அழுத்தாமல் பழகுவது நல்லது.

முதல் எழுத்தொலி நமக்கு எளிது. ‘பல்’ என்று சொல்லும்போது வரும் ‘ப’ அப்படியே போதும். ‘பந்து’ என்னும்போது பலரும் சொல்லும் அதிர்வொலி வேண்டாம், மூச்சையும் ஊத வேண்டாம்.

கார்த்திகைப்பூ:

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஒரு சொல்லைக் கேட்டேன், ஒரு குடும்பத்தையே காட்டிவிட்டீர்கள். திருத்திய வரைவு இதோ:

வோ த ஷுவேஷி நெங்லி ஜியாவ் ச்சியாங்.
யோவ் யிதிங் த கோவ்தோங் நெங்லி.
வோ நெங் ஃபாஷியென் வென்தி.
வோ ஹுவெய் ஷுவோ தாய்மியூ, யிங்யூ ஹே ஹான்யூ.

தோழியிடம் முதல் இரண்டை மட்டும் அனுப்பினேன். “இப்போ சரியா இருக்கு” என்றாள். மூன்றாவது எனக்கே கொஞ்சம் மொட்டையாகத் தெரிகிறது. ‘பிழை கண்டுபிடிக்க என்னால் முடியும்’ என்பது யாராலும் முடியும் என்பது போல இருக்கிறதோ?

ஈப்போக்காரன்:

நான்காவதில் மொழியின் பெயரைப் பாருங்கள். தமிழுக்குச் சீனத்தில் ‘தாய்மிஅர்யூ’. நடுவில் ‘அர்’ விட்டுப்போயிருக்கிறது. நம் மொழியின் பெயர், அதில் ஓர் எழுத்தும் குறையக் கூடாது.

மொழிமேசை:

மூன்றாவதைப் பற்றி நீங்கள் நினைத்தது சரிதான். நெங் என்றால் ‘இயலும்’ என்ற அளவோடு நின்றுவிடும். ஒன்றில் கைதேர்ந்தவர் என்பதற்கு ‘ஷான்யூ’ என்று ஒரு சொல் இருக்கிறது. ‘ஷான்யூ ஃபாஷியென் ஹே ஜியேஜுவே வென்தி’, அதாவது ‘சிக்கலைக் கண்டறிவதிலும் தீர்ப்பதிலும் வல்லவர்’. இதைத் தன்னைப் பற்றிச் சொன்னாலும் பெருமையடிப்பதாகத் தோன்றாது. தர ஆய்வு வேலைக்கு இதைவிடப் பொருத்தமான வரி இல்லை, இதை முதல் வரியாகவே வையுங்கள்.

படிவத்தில் ‘தெச்சாங்’ என்று ஒரு கட்டம் வரக்கூடும். தனிச்சிறப்பு என்று பொருள், இசை, விளையாட்டு, ஓவியம் போன்றவற்றை அதில் எழுதுவார்கள். இந்த நெங்லி வரிகளை அங்கே மறுபடி எழுதாதீர்கள். இறகுப்பந்து ஆடுவீர்கள் என்றால் ‘யூமாவ்ச்சியு’ என்று ஒரே சொல்லைப் போட்டால் போதும்.