அத்தையின் 031 வீட்டு போன் நம்பர் போகக் கூடாது, பில் மட்டும் குறைய வேண்டும். வழி உண்டா?

வெஸ்ட்கிளிஃப் மருமகள்:

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். என் மாமியாருக்கு 79 வயது. வீட்டு போனை 1981-ல் மாமனார் போட்டார். அன்றைக்கு இருந்த நம்பர்தான் இன்றைக்கும். 2007-ல் உள்ளூருக்கே 031 என்ற ஊர்க்குறியீட்டைச் சேர்த்து அடிக்க வேண்டும் என்று வந்ததே, அது ஒன்றுதான் மாற்றம். கோவில் உபயப் பதிவேட்டில் இருப்பது இந்த நம்பர். டோங்காட்டிலும் ஸ்டாங்கரிலும் உள்ள அத்தையின் அக்கா தங்கைகள் நோட்டில் எழுதி வைத்திருப்பதும் இதுதான். யாராவது தவறிப் போனால் முதல் சேதி இந்தப் போனுக்குத்தான் வரும்.

போன மாதம்தான் பில்லை முதல் தடவையாக வரி வரியாகப் படித்தேன். லைன் வாடகை 270 ராண்ட். வாய்ஸ்மெயிலுக்கும் அழைப்பவர் நம்பர் காட்டுவதற்கும் 26. போன் கருவிக்கு வாடகை 18. அந்தக் கருவியை நாங்கள் எப்போதோ கழற்றி அலமாரியில் போட்டுவிட்டோம், இப்போது அத்தை பேசுவது சொந்தமாக வாங்கிய போனில். பேசியதற்கு ஆன பணம் 61 ராண்ட்தான். மொத்தம் 375. பேசினாலும் பேசாவிட்டாலும் 314 ராண்ட் போய்க்கொண்டே இருக்கிறது. அத்தைக்குப் பென்ஷன் பணத்தில் அது பெரிய தொகை. "லைனை எடுத்துவிடலாமா அத்தை?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் ரிசீவரைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்கள். மறுபடி கேட்க மனசு வரவில்லை.

வீட்டில் ஃபைபர் இருக்கிறது, பிள்ளைகள் படிப்புக்காகப் போட்டது. செல்போனில் அத்தைக்குக் காது சரியாகக் கேட்பதில்லை, தொட்டால் எங்கேயோ போய்விடுகிறது என்கிறார்கள். யாராவது நம்பரை வைத்துக்கொண்டே செலவைக் குறைத்திருக்கிறீர்களா?

மாரிட்ஸ்பர்க் தம்பி:

அக்கா, எங்க அம்மாவுக்காக இதையேதான் பண்ணினேன், 033 நம்பருக்கு. ஃபைபர் இருந்தா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. ஃபைபருக்கும் பழைய போன் லைனோட செம்புக் கம்பிக்கும் சம்பந்தமே இல்லை. கம்பி போனாலும் இன்டர்நெட் நிக்காது. ஏடிஎஸ்எல், அதாவது போன் கம்பியிலயே வர்ற இன்டர்நெட் வச்சிருக்கறவங்கதான் யோசிக்கணும், லைன் போனா அதுவும் கூடவே போயிடும்.

நம்ம நாட்டுல வீட்டு நம்பரை ஒரு கம்பெனியிலிருந்து இன்னொண்ணுக்கு மாத்திக்கலாம், 2010-லயே வந்த வசதி. இன்டர்நெட் வழியா போன் கொடுக்கற, அதாவது வாய்ப் சேவை தர்ற கம்பெனி ஏதாவது ஒண்ணுல சேர்ந்து, 031 நம்பரை அங்க போர்ட் பண்ணச் சொல்லுங்க. கடைசி பில், பில் யார் பேர்ல இருக்கோ அவங்க ஐடி, கையெழுத்து கேப்பாங்க. பில் இன்னும் மாமா பேர்லயே இருந்தா முதல்ல அத்தை பேருக்கு மாத்திடுங்க. நான் அதைப் பண்ணாம விட்டதால மனு திரும்பி வந்துடுச்சு, மூணு வாரம் வீண்.

ஒண்ணே ஒண்ணு மட்டும் மனசுல வைங்க. போர்ட் முடியறதுக்கு முன்னாடி பழைய லைனை கேன்சல் பண்ணவே கூடாது. கேன்சல் ஆன நம்பர் உங்க கைய விட்டுப் போயிடும், அப்புறம் போர்ட் பண்ண எதுவும் மிச்சம் இருக்காது. அவசரப்பட்டு கேன்சல் பண்ணிட்டு 30 வருஷ நம்பரை இழந்தவரு எங்க தெருவுலயே இருக்காரு. புது கம்பெனி "வந்து சேர்ந்துடுச்சு"ன்னு சொல்லட்டும், வெளியிலிருந்து ஒரு கால் பண்ணிப் பாருங்க, அதுக்கப்புறம் பழைய கணக்கை மூடுங்க. அந்த அலமாரிக் கருவியையும் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்கிடுங்க.

அத்தையோட போனை மாத்த வேண்டாம். ஏடிஏன்னு, பழைய போனை இன்டர்நெட்டோட இணைக்கற, தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய பெட்டி ஒண்ணு இருக்கு. ஒரு பக்கம் ரவுட்டர், இன்னொரு பக்கம் பழைய போன். சில ஃபைபர் ரவுட்டர்லயே போன் துளை இருக்கும், பின்னாடி திருப்பிப் பாருங்க. சேவை எடுக்கும்போது மாச வாடகை எவ்வளவு, கணக்கு நொடிக்கா நிமிஷத்துக்கான்னு ரெண்டையும் கேளுங்க. 20 நொடி பேசி வைக்கற பெரியவங்களுக்கு நொடிக் கணக்குதான் லாபம்.

பீனிக்ஸ் அண்ணன்:

தங்கச்சி, தம்பி சொன்னது எல்லாம் சரி. நான் அலாரம் மாட்டுற வேலையில் 22 வருஷம் இருந்தவன், அதனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டுத் திருட்டு அலாரம் ஆர்ம்ட் ரெஸ்பான்ஸுக்கு, அதாவது ஆயுதத்தோடு வரும் காவல் கம்பெனிக்கு, எதில் தகவல் அனுப்புகிறது? பழைய அலாரம் பேனல்கள் பல போன் லைனில்தான் டயல் பண்ணும். லைனை எடுத்தால் சைரன் மட்டும் கத்தும், கன்ட்ரோல் ரூமுக்கு ஒன்றும் போகாது. வீட்டில் இருப்பவர்களுக்கு அது தெரியவே தெரியாது, அதுதான் எனக்குப் பயம். பேனல் பெட்டியைத் திறந்து பார்த்தால் போன் வயர் இரண்டு இழை வந்திருக்கிறதா என்று தெரியும். ரேடியோவோ சிம்மோ இருந்தால் கவலை இல்லை. எதுவானாலும் லைன் போன அன்றைக்கே கம்பெனிக்குச் சொல்லிவிட்டு ஒரு டெஸ்ட் சிக்னல் அனுப்பிப் பாருங்கள்.

இரண்டாவது, கரண்ட். பழைய லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வரும். அதனால்தான் 2008-ல் ஊரே இருண்டபோதும் வீட்டு போன் அடித்தது. ஃபைபருக்கு அது கிடையாது. சுவரில் இருக்கும் ஃபைபர் பெட்டி, ரவுட்டர், ஏடிஏ மூன்றுக்கும் கரண்ட் வேண்டும். லோட்ஷெடிங் (கரண்ட் வெட்டு) நாளில் வாங்கிய மினி யூபிஎஸ் இருந்தால் மூன்றையும் அதில் போடுங்கள். நிறையப் பேர் ரவுட்டரை மட்டும் போட்டுவிட்டு ஃபைபர் பெட்டியை மறந்துவிடுவார்கள்.

அத்தைக்கு இதையும் சொல்லி வையுங்கள்: போலீஸ் 10111-க்கோ ஆம்புலன்ஸ் 10177-க்கோ அடித்தால் எடுத்தவுடன் விலாசத்தைச் சொல்ல வேண்டும். இன்டர்நெட் போனில் எங்கிருந்து பேசுகிறார்கள் என்று அந்தப் பக்கம் தெரியும் என நம்ப முடியாது. போன் பக்கத்தில் விலாசத்தைப் பெரிய எழுத்தில் ஒட்டிவிடுங்கள்.

லெனேசியா அக்கா:

நான் வேறு வழியில் போனேன், எங்களுக்கு ஃபைபர் வரவில்லை. மேஜையில் வைக்கிற போன் மாதிரியே சிம் போடுகிற போன் விற்கிறது, பெரிய பட்டன், பெரிய ரிசீவர். மாத வாடகை இல்லை, ஏர்டைம் போட்டால் போதும். ஆனால் பழைய 011 நம்பர் போய்விட்டது, செல்போன் சிம்முக்கு அது போர்ட் ஆகாது. அம்மா ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நம்பர் முக்கியம் என்றால் இந்தப் பக்கம் வராதீர்கள்.

இன்னொன்றையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு), பேங்க் எல்லாம் 0860 நம்பர் கொடுப்பார்கள். வீட்டு லைனில் அது உள்ளூர் கட்டணம். செல்போனில் அடித்து, "உங்கள் அழைப்பு முக்கியம்" என்று இருபது நிமிஷம் பாட்டுக் கேட்டால் ஏர்டைம் கரைந்துவிடும். சில பேக்கேஜில் இலவச நிமிஷத்தில் அது சேராமலும் போகலாம். புதுச் சேவையில் 0860-க்கு என்ன கட்டணம் என்று சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கான்ட்ராக்ட் நடுவில் இருந்தாலும் பயப்பட வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி 20 வேலை நாள் முன்பே எழுதிக் கொடுத்து விலகலாம். கம்பெனி நியாயமான ஒரு தொகை மட்டும் கேட்கலாம்.

வெஸ்ட்கிளிஃப் மருமகள்:

ஆறு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். முடிந்துவிட்டது.

பில் மாமனார் பேரில்தான் இருந்தது. தம்பி சொல்லாவிட்டால் நாங்களும் அங்கேயே மாட்டியிருப்போம். இறப்புச் சான்றிதழ் கொடுத்துப் பேர் மாற்றவே 12 நாள் ஆனது. அண்ணன் சொன்னது போலப் பேனலைத் திறந்தால் போன் வயர்தான். உடனே கம்பெனிக்காரர் வந்து ரேடியோ மாட்டினார், டெஸ்ட் சிக்னல் போனதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் போர்ட்டுக்குக் கையெழுத்துப் போட்டேன்.

ஏடிஏ 700 ராண்ட். போனை அதில் செருகியதும் டயல் டோன் வந்தது, ஆனால் நம்பர் அடித்தால் டோன் அப்படியே நிற்கிறது, அழைப்பு போகவில்லை. ஒரு மணி நேரம் வயரைக் கழற்றி மாட்டினேன். கடைசியில் போனைக் கவிழ்த்துப் பார்த்தால், அடியில் பீ, டீ என்று இரண்டு எழுத்துக்கு நடுவே நகம் அளவுக்கு ஒரு சுவிட்ச். பல வருஷ விபூதியும் தூசியும் அடைத்து, பல்ஸ், அதாவது பழைய டயல் முறைப் பக்கம் நின்றிருந்தது. அத்தை தலையிலிருந்து ஹேர்பின்னை எடுத்துக் கொடுத்தார்கள், டோன் பக்கம் தள்ளினேன். அடுத்த நிமிஷம் டோங்காட் பெரியம்மா குரல் கேட்டது. இதே சிக்கலில் யாராவது இருந்தால் முதலில் அந்தச் சுவிட்சைப் பாருங்கள்.

முதல் மாதக் கணக்கு: நம்பர் வாடகை 45, பேசியது 34, மொத்தம் 79 ராண்ட். மினி யூபிஎஸ் ஏற்கெனவே இருந்தது. ஏடிஏ போட்ட பணம் மூன்று மாதத்தில் வந்துவிடும்.

அத்தை இன்னும் டோங்காட்டுக்கு இரவு 7 மணிக்கு மேல்தான் அடிக்கிறார்கள், அப்போதுதான் மலிவு என்று பழக்கம். இப்போது எந்த நேரமும் ஒரே கட்டணம் என்று சொன்னேன். நேற்று காலை பதினோரு மணிக்கு ரிசீவர் அவர்கள் கையில் இருந்தது.