லஸ் கோயிலின் ஒளி: கதையால் பெயர் வந்ததா, பெயரால் கதை வந்ததா?

மாங்கொல்லைவாசி:
போன ஞாயிறு மயிலாப்பூர் பிரகாச மாதா ஆலயத்துக்கு (நம் லஸ் கோயில்தான்) ஊரிலிருந்து வந்த நண்பரை அழைத்துப் போயிருந்தேன். அங்கே ஒருவர் தம் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். புயலில் திசை தவறிய போர்த்துகீசியர் மாதாவை வேண்டுகிறார்கள்; கரையில் ஓர் ஒளி தெரிகிறது; கரையேறி அதன் பின்னாலேயே காட்டுக்குள் நடக்கிறார்கள்; ஓரிடத்தில் ஒளி மறைகிறது; அங்கே கோயில் எழுப்புகிறார்கள். அதுவரை எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. பிறகு அவர் கல்வெட்டைக் காட்டி, "1516 என்று கல்லிலேயே இருக்கிறது, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?" என்றார். அங்கேதான் பொறுக்கவில்லை. கல் சொல்வது கட்டியவர் பெயரையும் ஆண்டையும்தான். அதில் புயலும் இல்லை, கப்பலும் இல்லை.

அந்த ஆண்டாவது நிற்குமா? போர்த்துகீசியர் மயிலாப்பூருக்கு வந்ததாகப் பதிவில் கிடைக்கும் முதல் பயணம் 1517. மலாக்காவிலிருந்து திரும்பிய தியோகு பெர்னாண்டஸ் பழவேற்காட்டில் இறங்கி, ஆர்மேனிய வணிகர் வழிகாட்ட, சாந்தோமில் உள்ள, இயேசுவின் சீடர் தோமையாரின் கல்லறையைப் பார்க்க வந்தார். கல்லறையைத் தோண்டியதும் பழுது பார்த்ததும் 1523இல். ஊருக்கு வருவதற்கு முந்தைய ஆண்டே கோயில் கட்டிவிட்டார்களா?

மெழுகுவத்தி:
உங்களுக்குத் தெரிந்த பெர்னாண்டஸ்தான் முதல் ஆள் என்று யார் சொன்னது? பிற்காலத்தில் அவரை விசாரித்தார்கள், அவர் சொன்னதை எழுதிவைத்தார்கள், அவ்வளவுதான். அவருக்கு முன்னால் வந்து, யாரும் விசாரிக்காமல் செத்துப்போனவன் ஒருவன்கூடவா இருந்திருக்க மாட்டான்?

என் பாட்டிக்கு "லஸ்" என்ற சொல்லே வாயில் வராது. அவருக்கு அது காட்டுக் கோயில். ஆகஸ்ட் 15 திருவிழாவுக்குக் கிளம்பும்போது, "காட்டுக் கோயிலுக்குப் போய்வருகிறேன், அரிசி களைந்து வை" என்பார். சுற்றிலும் துணிக்கடையும் சிக்னலும் வந்து ஐம்பது ஆண்டுகள் ஆன பிறகும் அவருக்கு அது காடுதான். கதையை அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

கல்வெட்டுப் பித்தன்:
1516 என்ற கல்லை அப்படியே நம்பாதவர்கள் மாங்கொல்லைவாசிக்கு முன்பே உண்டு. கட்டடம் அந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலோ அதற்குப் பின்போ வந்திருக்கலாம் என்று வாதாடிய ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். கல்லைப் பின்னாளில் பதித்திருக்கலாம், எண்ணைத் தவறாகச் செதுக்கியிருக்கலாம். ஆனால் நான் பிடித்துக்கொண்டிருப்பது ஆண்டை அல்ல, பெயரை.

லிஸ்பனை ஒட்டி கார்னிடே என்றோர் ஊர். அங்கே 15ஆம் நூற்றாண்டிலேயே "நொஸ்ஸா செஞ்ஞோரா ட லூஸ்", அதாவது ஒளியின் மாதா, பெரிய பக்தியாக இருந்தது. நம் "லஸ்" அந்த "லூஸ்"தான். அதன் கதையைக் கேளுங்கள். வட ஆப்பிரிக்காவில் சிறைப்பட்ட ஒருவர் மாதாவைக் காட்சியில் கண்டு விடுதலையாகி ஊர் திரும்புகிறார். இரவில் ஒளி தெரியும் இடத்தில் மாதாவின் சுரூபத்தைக் கண்டெடுக்கிறார். அங்கே கோயில் எழுகிறது. ஆபத்து, வேண்டுதல், ஒளி, ஒளி காட்டிய இடத்தில் கோயில். கடலும் புயலும் மட்டும்தான் பாக்கி, அவை சோழமண்டலக் கரையில் தாராளமாகக் கிடைக்கும். நம் கிராமத்தார் நகரத்துக்குக் குடிபெயரும்போது குலதெய்வத்தின் பிடிமண்ணைக் கொண்டுவருவதில்லையா? அவர்கள் பெயரைக் கொண்டுவந்தார்கள். பெயர் இங்கே ஒரு கதையை முளைக்கவைத்தது.

மெழுகுவத்தி:
நல்ல வாதம், ஒத்துக்கொள்கிறேன். ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள், ஐயா. அவர்கள் குடியிருப்பு சாந்தோம் கரையில். லஸ் அங்கிருந்து ஏறத்தாழ 2 கிலோமீட்டர் உள்ளே. கையில் கரையோர நிலம் இருக்கும்போது, காட்டுக்குள் போய்க் கோயில் கட்டுவானேன்? என் பாட்டியின் கதையில் இதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் கார்னிடேயில் இல்லை.

கல்வெட்டுப் பித்தன்:
கட்டியவர் பிரான்சிஸ்கன் துறவி என்கிறார்கள். ஊர்ச் சந்தடியை விட்டு ஒதுங்கி இருக்க விரும்புவது துறவிகளின் இயல்பு. என்னிடம் இருக்கும் பதில் அவ்வளவே. பலவீனமானதுதான்.

சுண்டக்காய்:
ஒளியை விடுங்கள். சாந்தோமில் தோமையார் நட்டதாகச் சொல்லும் கம்பத்தைத் தாண்டிக் கடல் வராது என்கிறார்களே, 2004 சுனாமியிலும் வரவில்லையே, அதற்கு என்ன பதில்?

மாங்கொல்லைவாசி:
தம்பி, அந்தக் கதையை மட்டும் என்னிடம் எடுக்காதீர்கள். அதே கரையில் கொஞ்சம் தெற்கே சீனிவாசபுரத்தில் அன்று வீடுகள் போயின, உயிர்கள் போயின. சாந்தோம் ஆலயம் மேட்டில் இருக்கிறது, குடிசைகள் மணலில் இருந்தன. வேளாங்கண்ணியிலும் ஆலயத்துக்குள் தண்ணீர் புகவில்லை என்பார்கள், சரி. கரையில் நின்ற யாத்திரிகர்கள் நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். அதையும் சேர்த்துச் சொல்லாதவரை அந்தக் கதை என் காதில் ஏறாது.

மெழுகுவத்தி:
இதில் நான் உங்கள் பக்கம். என் பாட்டியும் அந்த ஆண்டு கம்பத்தைப் பற்றிப் பேசியதில்லை.

கச்சேரி ரோடு:
தாமதமாக நுழைகிறேன். எல்லோரும் ஒளி, ஒளி என்கிறீர்கள், விளக்கைப் பற்றி யாரும் பேசவில்லை. துவார்த்தே பார்போசா என்ற போர்த்துகீசியர் ஏறத்தாழ 1516 காலத்தில் இந்தக் கரைகளைப் பற்றி எழுதியவர். மயிலாப்பூர் அப்போது பாழடைந்து கிடந்தது என்கிறார். தோமையார் கல்லறைக் கோயிலைப் பார்த்துக்கொண்டவர் ஒரு முஸ்லிம் பக்கிரி. பிச்சையெடுத்து வந்த காசில் அங்கே விளக்கு எரியவைத்தாராம். பாழடைந்த ஊர், இருட்டிய கரை, அதில் ஒரே ஒரு விளக்கு. கடலிலிருந்து பார்ப்பவனுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்?

கல்வெட்டுப் பித்தன்:
அழகாக இருக்கிறது, ஆனால் அந்த விளக்கு எரிந்தது சாந்தோமில், லஸ்ஸில் இல்லை. மேலும் அகல் விளக்கு கடலில் எவ்வளவு தூரம் தெரியும்? இன்னொரு கதையை முளைக்கவைக்கிறீர்கள்.

கச்சேரி ரோடு:
ஆமாம், முளைக்கவைக்கிறேன். சாட்சி என்று சொல்லவில்லையே. மாதாவின் ஒளிக்கு எண்ணெய் ஊற்றியவர் ஒரு பக்கிரியாக இருக்கலாம் என்று நினைக்கப் பிடித்திருக்கிறது.

மெழுகுவத்தி:
பாட்டி இருந்திருந்தால் அந்தப் பக்கிரிக்கும் சேர்த்து ஒரு மெழுகுவத்தி ஏற்றியிருப்பார். 15ஆம் தேதி நான் ஏற்றுகிறேன். மாங்கொல்லைவாசி, நீங்களும் வாருங்கள். கல்லில் இருப்பது 1516தானா என்று கிட்டத்தில் நின்று பார்த்துவிடலாம்.

மாங்கொல்லைவாசி:
வருகிறேன். கூட்டத்துக்கு முன் காலை ஆறு மணிக்கே. பூதக்கண்ணாடியும் எடுத்துவருகிறேன்.